அடாப்டிவ் தேர்வில் பாடப் பங்கீடு சறுக்கும்போது: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே உள்ள ஊர்களில் நடக்கும் சில மாலை நேர மையங்களுக்கு, 9-ஆம் வகுப்புக் கணக்கில் ஒரு அடாப்டிவ் தேர்வு செய்து கொடுத்துப் பராமரித்து வருகிறேன். பிள்ளை சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வரும், தவறினால் கொஞ்சம் லேசாக வரும். இருபதே கேள்வியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட வேண்டும். இதை மட்டும் செய்வது சுலபம். ஆனால் அந்த இருபதும் புளூபிரிண்ட், அதாவது எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி என்ற திட்டம், சொல்கிறபடி எண்ணியல் 4, இயற்கணிதம் 6, வடிவியல் 5, அளவியல் 3, புள்ளியியல் 2 என்று அமைய வேண்டும் என ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கோரிக்கைதான். எங்களுக்கு வந்த கோளாறுகளில் முக்கால்வாசி அதை நிறைவேற்றப் போன இடத்தில்தான் வந்தன.

மேலும் இரண்டு விதிகள் உண்டு. படம் உள்ள கேள்வி 6-க்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் மையங்களில் இருக்கும் பழைய டேப்லெட்டுகளில் படம் திறக்க நேரமாகிறது. வாக்கியக் கணக்கு குறைந்தது 5 வேண்டும். எங்கள் கேள்வி வங்கியில் 240 கேள்விகள் இருக்கின்றன. கடினத்தை அளக்க 1960-இல் டென்மார்க் கணிதவியலர் ராஷ் முன்வைத்த மாதிரியைப் பயன்படுத்துகிறோம். அதில் கேள்வியின் கடினமும் பிள்ளையின் திறனும் ஒரே அளவுகோலில் உட்காரும். திறனைத் தீட்டா என்போம். இரண்டும் சமமாக இருந்தால் சரியாகச் சொல்ல வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒரு கேள்வி தீட்டாவைக் கணிக்க எவ்வளவு உதவுகிறது என்ற அளவைத் தகவல் என்போம். இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் ஒரு கேள்வி அதிகபட்சத் தகவலைத் தரும்: 0.25. இந்த 0.25-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

எதையும் தொடும் முன் பதிவேடு

ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி பதிவாக வேண்டும்: எத்தனையாவது கேள்வி, கேள்வி எண், பாடப் பகுதி, படம் உண்டா, வாக்கியக் கணக்கா, கடின அளவு, அந்த நேரத்துத் தீட்டா, பதில் சரியா தவறா, பதிலுக்குப் பிந்தைய திட்டப் பிழை (தீட்டாக் கணிப்பு எவ்வளவு தள்ளிப் போகலாம் என்ற அளவு), எடுத்துக்கொண்ட வினாடி. இது இல்லாமல் கோளாறு தேடுவது இருட்டில் ஊசி தேடுவது போலத்தான். முதல் மாதம் நான் மொத்த மதிப்பெண்ணை மட்டும் சேமித்து வைத்தேன். புகார் வந்தபோது என்னிடம் காட்ட எதுவும் இல்லை.

"கெட்டிக்காரப் பிள்ளைக்கு எல்லாம் இயற்கணிதம், தடுமாறும் பிள்ளைக்கு எல்லாம் எண்ணியல்"

பங்கீட்டு விதியே போடாமல், தீட்டாவுக்கு எது அதிகத் தகவல் தருகிறதோ அதை எடு என்று மட்டும் சொல்லி வைத்தால் இது வரும். காரணம் வங்கியிலேயே இருக்கிறது. கடினமான கேள்விகள் இயற்கணிதத்தில் குவிந்திருக்கும், எளியவை எண்ணியலில் இருக்கும். நிரல் தப்பே செய்யவில்லை, கடினத்தைத் தேடிப் போகிற வழியில் பாடத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. தெரிந்த பிள்ளையையும் தெரியாத பிள்ளையையும் ஒரு கேள்வி எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறது என்பது அதன் பிரித்தறியும் திறன். ராஷ் மாதிரியில் அது எல்லாக் கேள்விக்கும் ஒன்றுதான். கேள்விக்குக் கேள்வி அது மாறும் மாதிரிகளைப் பயன்படுத்தினால் இன்னொரு காரணமும் சேரும். எந்தப் பாடத்துக் கேள்விகளுக்குப் பிரித்தறியும் திறன் அதிகமோ அந்தப் பாடமே எல்லோருக்கும் போகும்.

தீட்டா −1-க்குக் கீழ், −1 முதல் 1 வரை, 1-க்கு மேல் என மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாடவாரி எண்ணிக்கையைப் பாருங்கள். மொத்த சராசரியைப் பார்க்காதீர்கள். மொத்தத்தில் இரண்டு பக்கச் சாய்வும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு எல்லாம் ஒழுங்காக இருப்பது போலக் காட்டும். நான் அதில்தான் ஏமாந்தேன்.

தீர்வு, பாடத்துக்கு ஒதுக்கீடு போடுவது. 1989-இல் கிங்ஸ்பரி, ஜாரா என்ற ஆய்வாளர்கள் சொன்ன முறையே போதும்: இதுவரை கொடுத்ததில் எந்தப் பாடம் தன் பங்கைவிட அதிகம் பின்தங்கி இருக்கிறதோ, அந்தப் பாடத்திலிருந்து அடுத்த கேள்வியை எடு. ஆர் என்ற நிரல் மொழியின் கேட்-ஆர் (catR) தொகுப்பில் இது தயாராகவே இருக்கிறது. ஒரே ஒரு வகைப் பங்கீடு மட்டும் உள்ளவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்களைப் போல இரண்டு மூன்று விதிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் அடுத்த அறிகுறி காத்திருக்கிறது.

"பங்கீடு சரி, ஆனால் கடைசிக் கேள்விகள் சப்பென்று இருக்கின்றன"

ஒரு மையத்து டீச்சர் போனில் கூப்பிட்டார். "தம்பி, நல்லாப் படிக்கிற பொண்ணு, கடைசியில மட்டும் ஏன் சின்னப் புள்ளைங்க கேள்வி வருதுன்னு கேட்டுச் சிரிக்குது. என்னன்னு பாருங்க" என்றார். பதிவேட்டை எடுத்தேன். 16 கேள்வி முடிந்தபோது தீட்டா 1.4, அதுவரை சேர்ந்த தகவல் 3.68. கேள்விக்குச் சராசரி 0.23, அருமையான ஓட்டம். அதன் பிறகு வந்தவை இவை. கணக்குக்காகத் தீட்டாவை 1.4-லேயே நிறுத்திக் காட்டுகிறேன்.

17: வடிவியல், படமில்லை, கடினம் −0.6, தகவல் 0.105
18: வடிவியல், படமில்லை, கடினம் −0.9, தகவல் 0.083
19: வடிவியல், படமில்லை, கடினம் −1.1, தகவல் 0.070
20: வடிவியல், படமில்லை, கடினம் −1.3, தகவல் 0.059

நான்கும் சேர்ந்து 0.317. அதாவது நான்கு கேள்வி கேட்டு ஒன்றேகால் கேள்வியின் வேலைதான் நடந்திருக்கிறது. அந்தப் பெண் இவற்றைச் சரியாகச் சொல்ல வாய்ப்பு 88 முதல் 94 சதவீதம். கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான். திட்டப் பிழை 0.52-லிருந்து 0.50-க்குத்தான் இறங்கியது. நான்கும் ஓட்டத்தோடு வந்திருந்தால் 0.47-க்கு வந்திருக்கும்.

ஏன் இப்படி? பதிவேட்டின் முதல் பாதியைப் பார்த்தால் புரிந்துவிட்டது. அளவியல் மூன்றும் புள்ளியியல் இரண்டும் படத்தோடு வந்திருந்தன. முதலில் வந்த ஒரே வடிவியல் கேள்வியும் படத்தோடு வந்தது. ஆக 6 படமும் தீர்ந்துபோயின. நம் வங்கியில் கடினமான வடிவியல் என்றாலே பெரும்பாலும் படத்தோடுதான் இருக்கிறது. படமில்லாத வடிவியல் என்பது வரையறை கேட்கும் லேசான கேள்விகள். எந்தப் பங்கும் மீறவில்லை என்பதை மட்டும் பார்த்து, ஒவ்வொரு அடியிலும் அந்த நேரத்துக்கு எது சிறந்ததோ அதை எடுத்துக்கொண்டே வந்த நிரல், கடைசியில் வருகிற வடிவியலுக்குப் படம் மிச்சம் வைக்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டியதில்லை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் கல்லணை தாண்டி இங்கே தண்ணீர் வந்து சேர நாளாகும். தலைமடையில் ஆளாளுக்கு வயலை நிரப்பிக்கொண்டால் கடைமடைக்கு வெறும் வாய்க்கால்தான் வரும். அதனால்தான் முறை வைத்து விடுகிறார்கள். இங்கே 17 முதல் 20 வரை கடைமடை.

சரி, இங்கே இரண்டு காரணங்களில் எது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். வங்கியில் சரக்கே இல்லையா, இருந்தும் எடுக்கும் முறை தப்பா? இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதென்றால் இந்தச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் இறுதித் தீட்டாவை, இங்கே 1.4-ஐ, நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விதிகளையும் போட்டு, 20 கேள்விகளையும் ஒரே வீச்சில், மொத்தத் தகவல் அதிகபட்சமாக வருமாறு ஒரு சால்வரை, அதாவது விதிகளுக்குள் நின்று சிறந்த தேர்வைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை, கொண்டு தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆர் மொழியில் எல்பி-சால்வ் (lpSolve) இருக்கிறது, இலவசம். 240 கேள்விக்கு எடு அல்லது விடு என்று 240 மாறிகள், பத்துப் பன்னிரண்டு விதிகள். என் பழைய மடிக்கணினியிலேயே ஒரு நொடிக்குள் முடிகிறது.

ஒரே வீச்சில் எடுத்தாலும் தகவல் 4-ஐத் தாண்டவில்லை என்றால் குற்றம் வங்கியில். எந்த நிரலை மாற்றியும் பயனில்லை, கேள்வி எழுத உட்கார வேண்டும். 4.6, 4.7 என்று வந்தால் வங்கி நன்றாகத்தான் இருக்கிறது, எடுக்கும் முறைதான் கோளாறு. இந்தப் பெண்ணுக்கு 4.6 வந்தது.

முறைதான் கோளாறு என்றால் 1998-இல் வான் டெர் லிண்டனும் ரீஸும் எழுதிய நிழல் தேர்வு முறைக்கு மாறுங்கள். மேலே செய்த சோதனையையே ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் செய்வதுதான் அது. இதுவரை கொடுத்த கேள்விகளை உள்ளே வைத்து, எல்லா விதிக்கும் பொருந்தும் முழு 20-ஐயும் இப்போதைய தீட்டாவுக்கு ஏற்பக் கட்டு. அதில் இன்னும் கொடுக்காதவற்றில் சிறந்த ஒன்றைப் பிள்ளைக்குக் கொடு. மிச்சத்தை வங்கிக்குத் திருப்பிவிடு. பதில் வந்ததும் தீட்டாவைத் திருத்திவிட்டு மறுபடி கட்டு. கட்டப்படுகிற ஒவ்வொரு நிழலிலும் கடைசிவரைக்குமான பங்கு ஒதுங்கியே இருப்பதால், முதல் கேள்வியை எடுக்கும்போதே கடைசி வடிவியலுக்குப் படம் மிச்சம் இருக்கும்.

சால்வர் வைத்து ஓட்ட வசதி இல்லாதவர்களுக்கு, 2009-இல் செங்கும் சாங்கும் சொன்ன முன்னுரிமைக் குறியீடு நல்ல மாற்று. ஒவ்வொரு கேள்வியின் தகவலையும், அது தொடும் விதிகளில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்ற பின்னத்தால் பெருக்குவது. படத்துக்கான இடம் குறையக் குறைய, படக் கேள்வியின் மதிப்பு தானாக இறங்கும். ஆனால் இது முன்னால் பார்ப்பதில்லை, கையில் மிச்சம் இருப்பதை மட்டும் பார்க்கிறது. விதிகள் குறைவு என்றால் போதும், கூடக் கூட நிழல் தேர்வுதான் நிற்கும் என்பது என் அனுபவம்.

வங்கிதான் குற்றம் என்று வந்தவர்கள் பாடம், கடினம், படம் என்று மூன்றையும் குறுக்காக வைத்து ஒரு கட்டம் போடுங்கள். காலியாகக் கிடக்கும் கட்டத்துக்கு மட்டும் கேள்வி எழுதுங்கள். எங்களுக்குக் காலியாக இருந்தது படமில்லாத கடின வடிவியல். "13 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 24 செ.மீ. நீள நாண். மையத்திலிருந்து நாண் எவ்வளவு தூரம்?" இதற்குப் படம் தேவையில்லை. மனதுக்குள் வரைந்து பார்த்து, நாணைப் பாதியாக்கி, செங்கோண முக்கோணத்தைக் கண்டால் 5 என்று வந்துவிடும். இப்படி ஒரு பத்து எழுதியதில் கிடைத்த பலன், பொதுவாக ஐம்பது கேள்வி சேர்த்ததில் கிடைக்கவில்லை.

"பாதியில் தேர்வு நின்றுபோகிறது, பொருந்தும் கேள்வி இல்லை என்கிறது"

ஒவ்வொன்றாக எடுக்கும் முறையில் இது முட்டுச்சந்துக்குள் நுழைந்ததற்கு அடையாளம். மேலே சொன்னதன் முற்றிய நிலை.

நிழல் தேர்வில் இது வந்தால் காரணமே வேறு. முதல் நிழலைக் கட்ட முடிந்திருந்தால், அதன் பிறகு எந்த நிழலும் கட்ட முடியாமல் போகக் கூடாது. போன முறை கட்டிய 20-ஏ இப்போதும் எல்லா விதிக்கும் பொருந்தும், ஏனென்றால் கொடுத்த கேள்வியும் அதிலிருந்துதான் வந்தது. எனவே நடுவில் நின்றால், நடுவில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். யாராவது ஓடும் தேர்வின்போது வங்கியில் கேள்வியை நீக்கினார்களா, அதிகம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று ஒரு கேள்வியை நிரலே பூட்டியதா, ஒன்றின் விடையை இன்னொன்று காட்டிக் கொடுக்கும் பகைக் கேள்விப் பட்டியல் பாதியில் ஏற்றப்பட்டதா என்று பாருங்கள். பூட்டுதான் காரணம் என்றால், அந்தப் பிள்ளைக்கு மட்டும் பூட்டைத் திறந்து மறுபடி கட்டுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி.

முதல் கேள்விக்கு முன்பே நின்றால் விதிகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒவ்வொரு விதியாக எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எதை எடுத்ததும் ஓடுகிறதோ அங்கே பிடி கிடைக்கும்.

"நேற்று எழுதியவன் இன்று எழுதுபவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான்"

வடுவூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் இரண்டு பையன்கள் எங்கள் கேள்வியை அச்சுப் பிசகாமல் பேசிக்கொண்டு வந்ததைக் காதால் கேட்டேன். பையன்களைக் குறை சொல்லவே மாட்டேன். எல்லோரையும் தீட்டா 0-இல் தொடங்க வைத்தால் முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றேதான். இரண்டாவது இரண்டில் ஒன்று, மூன்றாவது அதிகபட்சம் நான்கில் ஒன்று. ஆக முதல் மூன்று கேள்விக்கு ஊர் முழுவதற்கும் ஏழே கேள்விகள்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒவ்வொரு கேள்வியையும் எத்தனை பங்கு பிள்ளைகள் பார்த்தார்கள் என்று எடுத்து எல்லாவற்றையும் கூட்டினால், வருவது தேர்வின் நீளம்: 20. 240 கேள்வியும் சமமாக உழைத்தால் ஒவ்வொன்றையும் பார்ப்பவர்கள் 8.3 சதவீதம். இரண்டு பிள்ளைகளுக்குப் பொதுவாக வருவது சராசரி 1.7 கேள்வி. ஆனால் 60 கேள்விகள் மட்டுமே உழைத்து மிச்சம் தூங்கினால், பொதுவாக வருவது 6.7. இருபதில் மூன்றில் ஒரு பங்கு.

முதல் ஐந்து கேள்விகளுக்காவது, ஆகச் சிறந்த ஒன்றை எடுக்காமல் சிறந்த ஐந்திலிருந்து ஒன்றைக் குலுக்கி எடுங்கள். கேட்-ஆர் தொகுப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆரம்பத்தில் தீட்டாவே சரியாகத் தெரியாது, அதனால் இதில் துல்லியம் பெரிதாகக் குறைவதில்லை. தொடக்கத் தீட்டாவையும் −0.5 முதல் 0.5 வரை சிதறடிக்கலாம். பெரிய அளவில் நடத்துபவர்கள் 1985-இல் சிம்ப்சனும் ஹெட்டரும் கொண்டுவந்த முறைக்குப் போகலாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிகழ்தகவுப் பூட்டு, அதாவது தேர்வானாலும் இத்தனை சதவீத முறைதான் கொடுக்கலாம் என்ற வரம்பு. அந்தப் பூட்டை முன்கூட்டிக் கணினிப் பிள்ளைகளை வைத்து ஒத்திகை ஓட்டிக் கணக்கிட வேண்டும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. எந்தக் கேள்வியையும் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று விதி போடுவார்கள். புள்ளியியலில் 8 கேள்விதான் இருக்கும், ஒவ்வொரு தேர்வுக்கும் 2 வேண்டும். சமமாகப் பிரித்தாலே 25 சதவீதம் வந்துவிடும். இந்த இரண்டு விதியும் ஒருபோதும் சேர்ந்து நிற்காது. முழு வங்கிக்கு மட்டும் கணக்குப் போடாமல், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒதுக்கீட்டைக் கேள்வி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். புள்ளியியலுக்கு 10 என்பது ஏட்டுக் கணக்கு. கடினம் பரவலாக இருக்க வேண்டுமென்றால் குறைந்தது 20 வேண்டும்.

"ஐந்தாவது கேள்வி வடிவியல்தான் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள்"

பின்தங்கிய பாடத்தையே எடுக்கும் முறையில் வரிசை எல்லோருக்கும் ஒன்றாக வரும். பாடத்தைப் பங்குக்கு ஏற்ற நிகழ்தகவோடு குலுக்கித் தேர்ந்தெடுங்கள், பங்கு நிரம்பிய பாடத்தைக் குலுக்கலிலிருந்து விலக்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

"திட்டப் பிழை 0.3-க்கு வந்ததும் நிறுத்து என்றேன், தேர்வு நிற்கவே மாட்டேன் என்கிறது"

ராஷ் மாதிரியில் கேள்விக்கு அதிகபட்சம் 0.25 தகவல். 20 கேள்வியும் குறி தப்பாமல் விழுந்தாலும் 5. திட்டப் பிழை, ஒன்றைத் தகவலின் வர்க்கமூலத்தால் வகுத்தது, எனவே 0.447. 0.3 வேண்டுமென்றால் 11.1 தகவல், அதாவது குறைந்தது 45 கேள்வி. எந்த நிரலாலும் இதைக் குறைக்க முடியாது. பிரித்தறியும் திறன் 1.5 உள்ள கேள்விகளாக இருந்தால் ஒன்றுக்கு 0.56 வரை கிடைக்கும், 20-இல் 0.3 எட்டும். ஆனால் அப்படி எல்லாப் பாடத்திலும் எல்லாக் கடினத்திலும் நிறைந்த வங்கியை நான் கண்டதில்லை.

நிற்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும் தேர்வில் பங்கீட்டுக்கும் ஆபத்து உண்டு. 12-ஆவது கேள்வியில் ஒரு பிள்ளைக்குத் தேர்வு முடிந்துவிட்டால், கடைசிக்கு என்று வைத்திருந்த வடிவியல் வராமலே போகும். நம் பக்கத்து நர்சிங் படித்தவர்கள் வெளிநாட்டு வேலைக்காக எழுதுகிற அமெரிக்க நர்சிங் உரிமத் தேர்வு 1994 முதல் அடாப்டிவ். இப்போது அது 85-க்கும் 150-க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அதனால் அங்கே பாடப் பங்கு எண்ணிக்கையாக இல்லாமல் சதவீதமாக ஓடுகிறது. 85 என்ற குறைந்தபட்சம் இருப்பதால் எல்லாப் பகுதிக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. சின்ன வங்கி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, நீளத்தை நிலையாக வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும் தாளைப் பாட ஆசிரியர் முன்கூட்டிக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், கேள்விக்குக் கேள்வி மாறும் முறையை விட்டுவிட்டு, முன்பே கட்டிவைத்த கேள்வித் தொகுதிகள் கட்டம் கட்டமாக மாறும் தேர்வுக்குப் போங்கள். மேற்படிப்புக்கான அமெரிக்க நுழைவுத் தேர்வு ஜிஆர்இ 2011-இல் அப்படித்தான் மாறியது.

"முதல் கேள்வியில் தவறியதும் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது"

அதிகபட்ச நிகழ்திறன் முறையில், அதாவது வந்த பதில்களுக்கு மிகப் பொருத்தமான தீட்டாவைத் தேடும் முறையில், கணக்கிட்டால், எல்லாம் தவறு என்றால் கீழே முடிவிலி, எல்லாம் சரி என்றால் மேலே முடிவிலி. ஒரு சரியும் ஒரு தவறும் வரும்வரை, பிள்ளைகளின் திறன் எப்படிப் பரவியிருக்கும் என்ற முன்னனுமானத்தையும் பதில்களோடு சேர்த்துக் கணிக்கும் பேயிசிய சராசரியைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதன் திட்டப் பிழையை மற்றதோடு ஒப்பிடாதீர்கள். திட்ட இயல்நிலைப் பரவலை (சராசரி 0, விலக்கம் 1 உள்ள மணி வடிவப் பரவல்) முன்னனுமானமாக வைத்தால் ஏறக்குறைய 1 தகவல் சும்மா சேர்ந்துவிடும். முறையை மாற்றிவிட்டுத் தேர்வு துல்லியமாகிவிட்டது என்று ஒரு வாரம் சந்தோஷப்பட்டேன், ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

"ஒத்திகையில் எல்லாம் சரி, மையத்தில் மட்டும் தப்பு"

ஒத்திகையில் பதில் சொல்வது நாம் கொடுத்த கடின அளவை நம்பும் கணினிப் பிள்ளைகள். அளவே தப்பாக இருந்தால் ஒத்திகைக்குத் தெரியாது.

எங்களுக்கு மாட்டியது நிலக் கணக்கு. "ஒரு வேலி நிலத்தில் 13 மா குறுவை நட்டால் மீதி எத்தனை மா?" ஒரு வேலிக்கு 20 மா என்று இங்கே தாத்தா மடியில் உட்கார்ந்த வயதிலேயே தெரிந்துவிடும். இந்தக் கேள்வியின் கடினத்தை அளந்தது இங்கத்துப் பிள்ளைகளை வைத்து, மிக எளிது என்று வந்தது. பிறகு டெல்டாவுக்கு வெளியே ஒரு மையத்துக்கு அதே வங்கியைக் கொடுத்தோம். அங்கே நன்றாகச் செய்துகொண்டிருந்த பிள்ளைகள்கூட இதில் விழுந்தார்கள். எளிய கேள்வியில் தவறினால் தீட்டா வேகமாக இறங்கும். அளந்தது கணக்கை அல்ல, ஊரை. நகரத்து மால், நகரும் படிக்கட்டு என்று எழுதிய கேள்விகள் இதே கெடுதலை எங்கள் பிள்ளைகளுக்குச் செய்தன.

கண்டுபிடிக்க, ஒரே தீட்டா அளவில் உள்ள பிள்ளைகளை ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கேள்வியிலும் சரியான பதிலின் பங்கைப் பாருங்கள். திறன் சமமாக இருந்தும் பங்கு பெரிதாக மாறினால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள், அல்லது திருத்துங்கள். நாங்கள் "1 வேலி = 20 மா" என்று கேள்விக்குள்ளேயே எழுதி, இரண்டு பக்கமும் புதிதாக அளந்தோம். கேள்வியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது எங்கள் மண்ணின் கணக்கு.

அளப்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்றால், ராஷ் மாதிரிக்குக் கேள்விக்கு 200 பேர் என்பதும், ஊகத்தையும் சேர்த்து மூன்று அளவு கணிக்கும் மாதிரிக்கு 1,000 என்பதும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குறைவான பேரை வைத்துப் பிரித்தறியும் திறனைக் கணித்தால் ஒரு பொறி காத்திருக்கிறது. தற்செயலாக அதிகமாகக் கணிக்கப்பட்ட கேள்விகளையே நிரல் தேடித் தேடி எடுக்கும். திட்டப் பிழை தாளில் அழகாகவும் நிஜத்தில் பெரிதாகவும் இருக்கும். நாங்கள் ராஷோடு நின்றதற்கு இதுவே முதல் காரணம்.

"மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தால் பங்கீடு குழம்புகிறது"

ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு வாராவாரம் வரும் புகார் இது. பிள்ளை 11-ஆவது கேள்வியில் இருக்கும்போது மின்சாரம் போகும். திரும்பி வந்ததும் தேர்வு 11-இலிருந்தே தொடரும், ஆனால் இரண்டு வடிவியல் கூடுதலாக வரும், அல்லது பார்த்த கேள்வியே மறுபடி வரும். தீட்டாவை மட்டும் சேமித்துவிட்டு, பாட எண்ணிக்கையையும் கொடுத்த கேள்விப் பட்டியலையும் நினைவகத்தில் விட்டுவைத்ததுதான் காரணம். எதையும் தனித்தனியாகச் சேமிக்காதீர்கள். பதிவேட்டை மட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் எழுதுங்கள். தேர்வு மறுபடி தொடங்கும்போது தீட்டா, எண்ணிக்கை, பட்டியல் எல்லாவற்றையும் பதிவேட்டிலிருந்தே புதிதாகக் கணக்கிடுங்கள். இருபது வரிதான், ஒரு நொடிகூட ஆகாது.

"என் பையனும் 11 சரி, பக்கத்து வீட்டுப் பையனும் 11 சரி, மதிப்பெண் ஏன் வேறு?"

ஒரு அப்பா வயலிலிருந்து நேராக வந்து கேட்டார். இரண்டு பையன்களின் கேள்விகளையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "சரி, இவனுக்கு வந்ததெல்லாம் கஷ்டமானது" என்று அவரே சொல்லிவிட்டார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்னும் எழுதவில்லை.

அவர் அடுத்துக் கேட்டதுதான் கஷ்டம்: "வடிவியல்ல மட்டும் எப்படி?" புளூபிரிண்ட்படி 5 வடிவியல் கேட்டிருக்கிறோம், அதற்குத் தனி மதிப்பெண் கொடுக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். 5 கேள்வியில் அதிகபட்சத் தகவல் 1.25, திட்டப் பிழை 0.89. புள்ளியியல் இரண்டில் 1.41. இதை வைத்து ஒரு பிள்ளையைப் பார்த்து நீ வடிவியலில் பலவீனம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பங்கீடு போட்டது மொத்த மதிப்பெண் பாடம் முழுவதையும் தழுவ வேண்டும் என்பதற்காக. எனவே அறிக்கையில் மொத்தத் தீட்டாவையும் அதன் வரம்பையும் மட்டும் அச்சிடுகிறோம். பாடவாரியாக மையம் முழுவதன் சராசரியை டீச்சருக்குத் தனியாக அனுப்புகிறோம், ஏனென்றால் நாற்பது பிள்ளைகளின் பதில்கள் சேரும்போது அந்த எண்ணுக்கு ஒரு உறுதி வருகிறது. அந்த அப்பாவிடம், வடிவியலுக்கு மட்டும் 15 கேள்வியில் தனித் தேர்வு ஒன்று வைத்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை பையன் வந்து எழுதினான்.